திருக்கை வயிற்றில் எண்ணியவை

நடந்தவை வரிசையாக:

1. எங்கள் தீவன ஆலைக்குக் கடலோரத்திலிருந்து வரும் கிளிஞ்சல், லாரிக்கு லாரி பொடிசாகிக்கொண்டே வந்தது.
2. காரணம் பார்த்து வர என்னை அனுப்பினார்கள்.
3. அங்கே ஐந்து நாளில் நாற்பது திருக்கை மீன்களின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்ததை எண்ணினேன்.
4. எண்ணியதில் ஒரு வகையை 'மற்றவை' என்ற கட்டத்தில் போட்டேன்.
5. அந்தப் பட்டியலை நம்பி வலை வாங்கிக் கொடுத்தார்கள். திருக்கை குறைந்தது.
6. அடுத்த வருஷம் வந்த கிளிஞ்சல்களில் ஓட்டை இருந்தது.
7. அதற்கடுத்த வருஷம் கிளிஞ்சல் வரவில்லை.

இந்த ஏழில் நான்காவது முழுக்க என்னுடையது. மற்றவற்றில் பலருக்குப் பங்கு உண்டு.

போன மாதம், நான் படித்த விலங்கியல் துறையிலிருந்து மூன்று பெண்கள் கோவை கணபதியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தீவன ஆலை ஆய்வகங்களுக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். "அக்கா, உங்க ஆலையில சிப்பி மேசைன்னு ஒண்ணு இருந்துச்சாமுங்க? அதுல என்னங்க பண்ணுவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். இப்போது அந்த ஆலையில் கிளிஞ்சலே கிடையாது. சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கலக்கிறார்கள். சிப்பி மேசையை எடுத்துவிட்டார்கள். மேசையோடு நானும் வெளியே வந்துவிட்டேன். முப்பத்திரண்டு வயதில் 'ஓய்வு பெற்றுவிட்டேன்' என்று சொன்னபோது பெண்கள் சிரித்தார்கள். அந்த வேலைக்குத் திரும்பும் எண்ணம் எனக்கு இல்லை. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. அவர்களிடம் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முதுகலையில் சில மாதங்கள் கடலோர ஆய்வு நிலையம் ஒன்றில் இருந்தேன். ஓட்டின் வளையங்களைப் பார்த்து மட்டியின் வளர்ச்சியைக் கணிக்கவும், மீனின் வயிற்றைத் திறந்து இரையைப் பிரிக்கவும் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பியதும் சூலூர் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் வேலை கிடைத்தது. முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்பு வேண்டும். இல்லாவிட்டால் முட்டை ஓடு காகிதம் மாதிரி ஆகிவிடும். சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், அதாவது மட்டியின் ஓடு. கிளிஞ்சலைச் சோதிக்கக் கடல் படித்த ஒருத்தி. இப்படித்தான் அந்த மேசைக்கு வந்தேன்.

தலைமை வேதியியலர் நாச்சிமுத்து சார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, மேல்பையில் எப்போதும் இரண்டு பென்சில். பேனாவை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. யாரிடமும் '-ங்க' இல்லாமல் பேசமாட்டார். சோதனைக் கூண்டில் இருந்த கோழியிடம்கூட "தள்ளுங்க" என்பார்.

லாரி வந்ததும் அவர் செய்வது இது. பத்துச் சாக்குகளை அவரே காட்டுவார்: மேலிருந்து இரண்டு, நடுவிலிருந்து ஐந்து, அடியிலிருந்து மூன்று. "மேலாப்புல அள்ளுனா யாவாரி மூஞ்சிதானுங் அம்மணி தெரியும். அடியில அள்ளுனாத்தான் சரக்கு மூஞ்சி தெரியும்." பத்திலும் அள்ளியதைத் தார்ப்பாயில் கொட்டி, கலக்கி, தோசை மாதிரி வட்டமாகப் பரப்ப வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து நாலாகப் பிரிக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீந்த இரண்டை மறுபடி கலக்கி, மறுபடி நாலு. கையில் அடங்கும் அளவு வரும்வரை இப்படியே. பிறகு கழுவி, காயவைத்து, சல்லடை வரிசையில் போட்டு, எந்தச் சல்லடையில் எவ்வளவு நிற்கிறது என்று எழுத வேண்டும். கடைசியில் தூளாக்கி அமிலத்தில் போடுவோம். பொங்கிக் கரைவது சுண்ணாம்பு, கரையாமல் அடியில் தங்குவது மணல்.

ஆய்வகத்தில் நால்வர் இருந்தோம். தாளில் தப்பு இருந்தால் சார் திட்டமாட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரமாக, பென்சிலால் சின்னதாக ஒரு நிற்கும் கோடு போடுவார். தாள் திரும்பி வரும்போது கோடு எத்தனை என்று மற்ற மூவரும் எண்ணிக்கொள்வார்கள். என் தாளில் கோடு விழுந்ததே இல்லை. எனக்கு அதில் கர்வம் உண்டு.

தாளில் கட்டம் போடுவதும் அவர்தான். ஆலை எதை வாங்குகிறதோ அதற்கு ஒரு கட்டம். வாங்காதது எல்லாம் கடைசிக் கட்டத்தில், 'மற்றவை'. "வாங்குறத எண்ணுங்க. வாங்காதத எண்ணி என்னங்க பண்றது?" இதுதான் அவர் முறை. ஒரு தீவன ஆலைக்கு அது சரியான முறைதான்.

நான் சேர்ந்து மூன்றாம் வருஷம், பெரிய சல்லடையில் நிற்பது குறைந்து சின்னச் சல்லடையில் நிற்பது கூடியது. அந்த வருஷம்தான் முதலாளி பல்லடம் பக்கம் புதுக் கோழிக் கொட்டகைகள் போட்டிருந்தார். மாதம் இரண்டு லாரி வந்த இடத்தில் ஐந்து வந்துகொண்டிருந்தது. இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சல்லடை என் மேசையில் இருந்தது. லாரிக் கணக்கு வேறு அறையில் இருந்தது.

சரக்கு அனுப்புகிறவர் காதர் பாய். உக்கடத்தில் மூன்று தலைமுறையாகக் கருவாடு, கிளிஞ்சல் வியாபாரம். சார் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங் பாய், சரக்கு வரவரப் பொடிசாப் போவுதுங்களே?"

"நான் என்னங்க சார் பண்றது? கடல்ல திருடன் பூந்துட்டானுங்க. ரெக்கை வச்ச திருடன்."

"ஆருங்க அது?"

"திருக்கைங்க. மட்டிய மண்ணோட உறிஞ்சித் தின்னுபோடுது. உங்க கோழியெல்லாம் அதுகிட்டப் பிச்சை வாங்கோணும்."

"அப்பிடீன்னா அதையும் புடிச்சுச் சாக்குல கட்டி எங்களுக்கே வித்துப்போடுவீங்களே!"

"நீங்க வாங்கறதா இருந்தாச் சொல்லுங்க சார், கட்டிப்போடறேன்" என்று பாய் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

பேச்சு முதலாளி காதுக்குப் போனது. அவர் என்னைக் கூப்பிட்டு, "படிச்ச புள்ளைங்க நீங்க. போயி திருக்கைதானா இல்லீங்களான்னு பாத்துட்டு வந்து எழுதிக் குடுங்க. திருக்கைதான்னா வலை வாங்கிக் குடுத்துப்போடலாம்" என்றார். கிளம்பும் முன் நாச்சிமுத்து சார் தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தார். ஆறு கட்டம்: வரிசை எண், திருக்கையின் அகலம், பெரிய மட்டி, சின்ன மட்டி, நண்டு, மற்றவை. நண்டு ஓட்டையும் நாங்கள் தீவனத்துக்கு வாங்குவோம். அதனால் அதற்குத் தனிக் கட்டம்.

பஸ்ஸில் தாராபுரம் தாண்டும்வரை அமராவதிப் பாசனத்தில் வயல் பச்சையாக இருந்தது. அதற்குப் பிறகு வெயில்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். கன்னியர் விடுதியில் நான் தங்குவதற்குக் காதர் பாய் ஏற்பாடு செய்திருந்தார். மட்டி எடுக்கும் பெண்களில் மரியபுஷ்பம் என்பவளை எனக்குத் துணையாகச் சொல்லிவைத்திருந்தார். என் வயதுதான் அவளுக்கு. இரண்டு பெண் குழந்தைகள். கையில் நோட்டு இருந்ததால் என்னை 'டீச்சர்' என்றாள். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

முதல் நாள் காலையில், கடல் நீர் இறங்கும் வற்றத்தின்போது, மட்டித் திட்டுக்குக் கூட்டிப்போனாள். அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு முழங்கால் தண்ணீர், வெந்நீர் மாதிரி சூடு. அடியில் மணலும் கடற்புல்லும்.

"காலத் தூக்கி வைக்காதிய டீச்சர். தரையத் தேச்சிக்கிட்டே வாங்க."

"ஏன்?"

"திருக்கை மண்ணுக்குள்ள படுத்துக் கெடக்கும். தூக்கி வச்சி மிதிச்சா வால் முள்ளால குத்திரும். தேச்சிக்கிட்டுப் போனா, யாரோ வாறாவன்னு அதுவே எந்திச்சிப் போயிரும். மரியாத தெரிஞ்ச சீவன்."

மணலில் அங்கங்கே வட்டமான பள்ளங்கள் இருந்தன, பெரிய தாம்பாளம் அளவுக்கு. நீர் ஏறும்போது திருக்கை திட்டுக்கு வரும். மணல்மேல் படிந்து, செட்டையை அடித்து, வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கிளப்பும். புதைந்திருக்கும் மட்டி மேலே வரும். அதன் பல் தனித்தனிப் பல் அல்ல; அம்மிபோலத் தட்டையானது. அதில் நொறுக்கி, ஓட்டைத் துப்பிவிட்டுச் சதையை விழுங்கும். பள்ளங்களைச் சுற்றி உடைந்த ஓடுகள் கிடந்தன. எனக்கு முடிவு அப்போதே தெரிந்துவிட்டது மாதிரி இருந்தது. இதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

மரியபுஷ்பம் காலால் மண்ணைத் துழாவி, மட்டி தட்டுப்பட்டால் குனிந்து எடுத்து இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டே வந்தாள். பாதிக்கு மேல் குஞ்சு மட்டி.

"இது இன்னும் வளராததாச்சே, ஏன் எடுக்கிறீங்க?"

"சாக்கு ரொம்பணும்லா? முன்ன மாசத்துக்கு ரெண்டு லாரி வரும். இப்ப அஞ்சு வருது. வளர்ற வர டிரைவர் நிப்பாரா?" பிறகு கேட்டாள்: "நீங்க என்ன எழுதப் போறிய? எங்கள எடுக்கக் கூடாதுன்னு எழுதிருவியளோ?"

"அடுத்த வருஷமும் இங்க மட்டி இருக்குமான்னு எழுதணும்."

"இருக்கும்னு எழுதுங்க. இது போச்சுன்னா உப்பளந்தான். இங்க காலு ஊறிப்போவும், அவ்வளவுதான். அங்க வெடிச்சிப்போவும்."

திரும்பும்போது ஒரு மட்டி ஓடு எடுத்து என் கையில் வைத்தாள். இரண்டு ஓடும் சேரும் கொண்டைப் பக்கத்தில், பாசிமணித் துளைபோல வட்டமாக, ஓரம் வழவழவென்று ஓர் ஓட்டை.

"எம் மவளுக்கு மால கோக்கச் சேத்துக்கிட்டு இருக்கேன். ஊசியால குத்துனா ஓடு தெறிச்சிரும். இது சங்கு போட்ட ஓட்ட. சின்னதா உருண்டையா ஒரு சங்கு, மட்டி மேல ஏறி உக்காந்து ஓட்ட போட்டு உறிஞ்சிரும். ஆனா லேசுல கெடைக்காது. ஒரு வருசமாப் பொறுக்குதேன், பன்னெண்டுதான் தேறியிருக்கு."

"ஏன் கிடைக்காது?"

"அந்தச் சங்கத் தின்னாம திருக்கை விட்டு வைக்காதுல்லா."

'அப்படியா' என்று சொன்னதாக நினைவு. நோட்டில் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

அடுத்த ஐந்து நாளும் மீன் இறங்கும் கொட்டகையில் உட்கார்ந்து வேலை. நாளைக்கு எட்டுத் திருக்கை. அகலத்தை அளந்து, வயிற்றைக் கீறி, இரைப்பையைத் தட்டில் கொட்டி, கழுவி, இடுக்கியால் பிரிப்பேன். ஓடு அதிகம் இருக்காது. அது கடலிலேயே துப்பியது. மட்டியின் நாக்கு போன்ற தசை இருக்கும். ஒரு நாக்குக்கு ஒரு மட்டி. பெரிது தனி, சிறிது தனி. நண்டுக் கால்கள். அப்புறம், கொம்பு நிறத்தில், நகம் போல மெல்லிய வில்லைகள். அவை சங்கின் மூடிகள். சங்கு உள்ளே போய்க் கதவடைத்துக்கொள்வது அவற்றைக் கொண்டுதான். ஓடு நொறுங்கினாலும் சதையோடு ஒட்டிய மூடி வயிற்றுக்குள் போய்விடும், எளிதில் செரிக்காது. அது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. பார்த்த உடனே தெரிந்தது. ஒவ்வொன்றையும் எண்ணினேன். சில வயிறுகளில் மட்டி நாக்குக்குச் சமமாகவே மூடிகள் இருந்தன. எண்ணிக்கையைச் சரியாக 'மற்றவை' கட்டத்தில் எழுதினேன். அதே கட்டத்தில் புழு, கடற்புல், ஒரு தூண்டில் முள்.

சூலூர் திரும்பித் தாளை நகலெடுத்துக் கொடுத்தேன். நாச்சிமுத்து சார் வழக்கம்போல மேசையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகப் பென்சில் முனையை ஓட்டிக்கொண்டு வந்தார். கடைசிக் கட்டத்தில் நின்றார்.

"மத்தவை நெறைய இருக்குதுங்களே அம்மணி. என்னங்க அது?"

"நாம வாங்காத சரக்குங்க சார்."

அவர் சிரித்தார். அவருடைய வாக்கியத்தையே அவருக்குத் திருப்பிச் சொன்னதில் எனக்கும் சிரிப்பு. கையெழுத்துப் போட்டார். கோடு இல்லை. 'திட்டில் மட்டி குறைவதற்குத் திருக்கை முக்கியக் காரணமாகத் தெரிகிறது' என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். குஞ்சு மட்டி எடுப்பதைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன், இரண்டாம் பக்கத்தில்.

முதலாளி வாங்கிக் கொடுத்த வலை கடலோரத்துக்குப் போயிற்று. சில மாதங்களில் பாய் சொன்னது வேடிக்கையாக இல்லாமல் போனது: உப்பிட்டுக் காயவைத்த திருக்கை, துண்டு துண்டாகச் சாக்கில் கட்டி, எங்கள் ஆலைக்கே தீவனக் கருவாடாக வந்தது. நல்ல புரதம். சோதனையில் தேறியது. நான்தான் சோதித்தேன்.

அடுத்த வருஷம், மழை முடிந்து வந்த முதல் லாரி. நாலாகப் பிரித்து, கழுவி, காயவைக்கத் துணியில் பரப்பினேன். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்ற பிறகுதான் துணியைச் சரியாகப் பார்த்தேன். மூன்றில் ஒரு கிளிஞ்சலில் ஓட்டை. எல்லாம் ஒரே இடத்தில், கொண்டைப் பக்கத்தில், ஓரம் வழவழவென்று.

சாரைக் கூப்பிட்டேன். அவர் லென்ஸில் பார்த்தார். ஒரு குண்டூசியை எடுத்து ஒவ்வொன்றின் துளையிலும் விட்டு எடுத்தார். நாலைந்து முறை அப்படிச் செய்தார்.

"ஆருங் அம்மணி இத்தனை கணக்கா ஓட்டை போட்டது?"

"சங்குங்க சார்."

"போன வருஷச் சரக்குல இதப் பாத்த மாதிரி இல்லீங்களே."

"போன வருஷம் அதைத் திங்கறதுக்குத் திருக்கை இருந்துச்சுங்க."

அவர் அலமாரியிலிருந்து என் பட்டியலையும் அறிக்கையையும் எடுத்து வந்து மேசையில் வைத்தார். 'மற்றவை' கட்டத்தில் விரலை வைத்துக் கீழ்வரை இழுத்தார்.

"இதுதானுங்களா?"

"ஆமாங்க."

"எண்ணித்தான் வச்சிருக்கீங்க" என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை, ஆறுதலும் இல்லை. பிறகு மேல்பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் அறிக்கையில் திருக்கையைக் காரணமாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஓரமாகச் சின்னக் கோடு போட்டார். பட்டியலில், அவர் வரைந்த கட்டங்களின் தலைப்பிலும் ஒன்று போட்டார். இரண்டாவது கோடு அவருக்கு அவரே போட்டுக்கொண்டது.

அன்றே புது அறிக்கை எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஏழு கட்டம். பழைய குறிப்பு நோட்டிலிருந்து மூடிகளைத் தனியாகப் பிரித்து எழுதினேன். திருக்கை மட்டியையும் தின்கிறது, மட்டியைத் தின்னும் சங்கையும் தின்கிறது. வலையை நிறுத்த வேண்டும். இரண்டு வருஷமாவது குஞ்சு மட்டி எடுக்கக் கூடாது. லாரியைக் குறைக்க வேண்டும். நான் எழுதியவற்றில் சரியான அறிக்கை அதுதான். சாரும் நானும் முதலாளியிடம் கொண்டுபோனோம். அவர் முழுவதும் படித்தார்.

"நீங்க சொல்றது சரியாத்தானுங் இருக்கும். ஆனா திருக்கைக் கருவாடு நல்லா வந்துட்டு இருக்குதுங்களே, அத எப்பிடி நிறுத்தறதுங்க? கிளிஞ்சலுக்கு என்னங்க, சுண்ணாம்புக் கல்லு பாத்துக்கலாம்."

"அங்க இதை நம்பி ஆளுக இருக்கறாங்க" என்றேன்.

"இங்கயுந்தானுங் அம்மணி" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

சில வாரம் கழித்துக் காதர் பாய் வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே ஏதாவது கேலி பேசிக்கொண்டு வருகிறவர், அன்று நேரே வந்து என் மேசைமேல் காகிதப் பொட்டலம் ஒன்றை வைத்தார்.

"அந்தப் புள்ள மரியபுஷ்பம் உங்ககிட்டக் குடுக்கச் சொல்லுச்சுங்க."

உள்ளே ஒரு மாலை. முழுக்க ஓட்டை விழுந்த மட்டி ஓடு, நைலான் நூலில் கோத்தது. விரித்தால் மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வந்தது.

"ஏதாவது சொன்னாங்களா பாய்?"

"'டீச்சர்ட்ட சொல்லுங்க, ஒரு வருசம் பொறுக்க வேண்டாம், ஒரே காலையில தேறிருச்சு'ன்னுச்சுங்க. சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு."

மாலையில் கோத்திருந்த ஓடுகளை எண்ணினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எண்ணி முடித்ததும் எண்ணிக்கையை எழுதத் தாளைத் தேடினேன். அப்போதுதான் கை நின்றது.

அதன்பின் அவளுக்கு ஒரு கடிதம் போட்டேன். என்ன நடந்தது, எதை எந்தக் கட்டத்தில் போட்டேன், அதனால் என்ன ஆயிற்று என்று வரிசை எண் போட்டு எழுதினேன். பதில் வரவில்லை. அவள் படித்தாளா, யாரிடமாவது படிக்கக் கொடுத்தாளா என்று தெரியாது.

வந்த பெண்கள் கிளம்பும்போது அந்த மாலையைக் காட்டினேன். "அழகா இருக்குதுங்க்கா, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்கள்.

இப்போதைய நிலை இது. அந்தத் திட்டில் மட்டி இல்லை. திருக்கை எப்போதாவது ஒன்று வலையில் படுகிறது என்கிறார் காதர் பாய். தின்ன மட்டி இல்லாததால் சங்கும் போய்விட்டதாம். ஆலையில் சுண்ணாம்புக் கல் போடுகிறார்கள். முட்டை ஓடு கெட்டியாகத்தான் இருக்கிறது. நாச்சிமுத்து சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். மரியபுஷ்பம் உப்பளத்துக்குப் போகிறாள்.